செத்த பிறகும் உப்பு எடுத்துத் தரும் ராஜாமணி

என் உயிர் அம்மாவுக்கு, உன் தேனு எழுதுவது.

முதலில் மன்னித்துவிடு. உனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தே எழுதுகிறேன். அதுவும் நாலு பேர் பார்க்கும் இடத்தில். கம்பெனி பஸ்ஸில் யாராவது நம் வீட்டுக் கதையை விசாரித்தாலே பேச்சை மாற்றுகிறவள் நீ. நானோ, வகுப்பில் பேர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ சொல்லவே தயங்கினவள். வாயால் வராததால்தான் எழுத்தில் வருகிறேன்.

உனக்கு ஒரு செய்தி. ராஜாமணி செத்துப்போய்விட்டாள்.

ஆமாம், ஞாயிற்றுக்கிழமை காமெடி சீரியலில் வருவாளே, அதில் டிபன் கடை நடத்தும் நம் ராஜாமணி, அவள்தான். நீ போய் மூன்று மாதம் கழித்து. நடித்தவர் விலகிவிட்டாராம். ஒரு வாரம் கரண்டியும் கையுமாக எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாள். மறுவாரம் ‘ஒரு மாதத்துக்குப் பிறகு’ என்று எழுத்துப் போட்டு, அவள் படத்துக்கு மாலையும் போட்டுவிட்டார்கள். எப்படிச் செத்தாள், யார் அழுதார்கள், ஒன்றும் கிடையாது.

அதைக்கூட விட்டுவிடலாம். அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. அவள் புருஷன் அடுப்படியில் நின்று, “ராஜாமணி, உப்பு எங்கடி?” என்று கத்துகிறான். படத்தின் மேல் இருக்கும் பல்பு மினுக்குகிறது. “மேல் தட்டுல, செவப்பு டப்பாவுல!” என்று அவள் குரல் வருகிறது. பழைய வாரங்களில் அவள் பேசியதை வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். உடனே சிரிப்புச் சத்தம்.

வாராவாரம் இதேதான். சட்டை எங்கே, சாவி எங்கே, குழம்புக்குப் புளி எவ்வளவு. செத்ததற்குக்கூட அவளுக்கு ஒரு நாள் லீவு தரவில்லை அம்மா. எழுதுகிறவர்கள் அவள் புருஷனுக்கு உப்பு டப்பாவைக் காட்டிக்கொடுக்க ஒரு செத்தவளை எழுப்புகிறார்கள். அவனாகத் தேடுவதை எழுத அவர்களுக்குக் கை வரவில்லையா?

அவள் உயிரோடு இருந்தபோது ஒருநாள், “இன்னிக்குக் கட லீவு” என்று கல்லாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாளே, நினைவிருக்கிறதா? புருஷன் ஊற்றின தோசை கல்லைவிட்டு வரவேயில்லை. நீ முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாய். “இவ மாதிரி ஒரு நாளாவது குந்திகினு இருக்கணும்டி” என்றாய். கேண்டீனில் வாரம் முழுக்கத் தட்டு கழுவி வெளுத்துப்போன விரல்கள் உனக்கு. சொல்லிவிட்டு எழுந்து போய் அரிசி களைந்தாய். அந்தக் குண்டானை நான் ஏன் அன்று உன் கையிலிருந்து வாங்கவில்லை?

போன ஞாயிறு நைனாவும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “பாத்தியாடா, செத்தும் ஊட்ட விட்டுப் போவல பாரு. அவதான் பொம்பள” என்றார் நைனா. நான் வழக்கம்போல எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு செய்கிற வேலை. உங்கள் கேண்டீனுக்குச் சாப்பிட வரும் லேப் பெண்களைப் பற்றி, “அவுங்க தட்ட கழுவ சொல்லோ உன்ன நெனச்சிக்குவேன்” என்று சொல்வாயே, அதே வேலைதான்.

நைனாவிடம் சொன்னேன்.

“ஓசூரா? நம்ம பேட்டையில இல்லாத கம்பெனியா?”

“லேப் வேல நைனா. ஹாஸ்டல் தராங்க.”

“ஒனக்கு ஹாஸ்டலு தராங்க, சரி. எங்களுக்கு யாரு சோறு தருவா?”

அண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், “எனக்கு இந்த மாசம் பூரா செகண்ட் ஷிஃப்டு. நான் இன்னா பண்றது?” என்றான். ஃபோர்க்லிஃப்ட்டில் டன் கணக்கில் தூக்குகிறவன். வீட்டில் ஒரு பால் பாத்திரத்தைத் தூக்க அவனால் முடியவில்லை.

பிறகு நைனா தன் போனை எடுத்தார். “உங்கம்மா இன்னா சொல்லிட்டுப் போனா, நீயே கேளு.” உன் குரல். பின்னால் கேண்டீன் தட்டுகளின் சத்தம். “தேனு, ஊட்ட பாத்துக்கோ கண்ணு. நைனாவையும் அண்ணனையும் நீதான் பாத்துக்கணும்...” அங்கேயே நின்றுவிடுகிறது. நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் நடிக்கவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அந்தக் குரல் துண்டை அவருக்கு அனுப்பியவள் நான்தான். உன் கருமாதி அன்று, “அவ கொரல ஒரு தபா கேக்கணும் போல கீதும்மா” என்றார். எழுதத் தெரியாததால் நீ எனக்குக் குரலில்தான் செய்தி அனுப்புவாய். தட்டு கழுவின ஈரக் கையில் விரல் வழுக்கிவிடும், நீ பேசுவதெல்லாம் இரண்டு மூன்று துண்டாகத்தான் வரும். அழுதுகொண்டே முதல் துண்டை மட்டும் அனுப்பினேன். அவர் அதைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார். எல்லோரும் கேட்டு அழுதார்கள். நீ ஓவர்டைம் பார்த்த ஒரு சாயங்காலத்தில் சொன்னது, இன்று உன் கடைசி ஆசை ஆகிவிட்டது.

அடுத்த துண்டு என் போனில் மட்டும் இருக்கிறது. “...எட்டு மணி வரிக்கும்தான்டி. அப்பால வந்து நான் பாத்துக்கறேன். குக்கர வச்சிட்டு நீ போயி படி. நாளிக்குப் பரீட்ச இல்ல ஒனக்கு?”

சீரியல்காரர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவர்கள் தெரிந்து வெட்டினார்கள், நான் தெரியாமல் வெட்டினேன். இத்தனை நாள் அதைச் சொல்லாமல் இருந்தது மட்டும் தெரிந்தேதான். நைனாவை அழவைக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, உன்னை அந்தப் பல்புக்குக் கீழே நிறுத்திவைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் நான் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். நாளைக் காலை இரண்டு பேரும் டீ குடிக்க உட்காரும்போது அந்த இரண்டாவது துண்டைப் போடுவேன். குரூப்பிலும் போடுவேன். கேட்ட பிறகும் நைனா வேண்டாம் என்றால்? அப்போதும் போவேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். இது உன்மேல் சத்தியம்.

ஒன்று மட்டும் கேட்காமலே தள்ளிக்கொண்டு வந்தேன். நான் போன பிறகு அவர்கள் உன் படத்துக்கு முன்னால் வந்து நிற்பார்கள். உப்பு எங்கே என்று கேட்பார்கள். நீ பதில் சொல்லாதே அம்மா. கால்மேல் கால் போட்டுக்கொண்டு, சும்மா குந்திகினு இரு.

உன் ஒரே மகள்,
தேன்மொழி