பதினேழு போல்ட்டு

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். எட்டு வருடத்தில் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. முகவரியை உன் பழைய பட்டறை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருந்தால், மீதியையும் படித்துவிடு.

தையல் கடை ஓடுகிறது. நூல் கோர்க்கத்தான் கண் ஒத்துழைப்பதில்லை. துணி கொடுக்க வருகிறவர்களிடமே ஊசியை நீட்டிவிடுகிறேன். அந்தச் சாக்கில் இரண்டு வார்த்தை பேசவும் ஆள் கிடைக்கிறது. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். சமையல் மட்டும் இன்னும் இரண்டு பேருக்கு ஆகிவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஷெட்டில் சும்மா நின்ற காரைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பழைய கார் சேர்க்கிற ஒருவர் போன வாரம் தன் மெக்கானிக்கோடு வந்தார். எட்டு சிலிண்டர், எண்பத்தைந்து குதிரைச் சக்தி என்று வழக்கம்போல அளந்தேன். அந்தப் பெருமையை நீ எத்தனை முறை கேட்டிருப்பாய். மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, எஞ்சின் தலையில் விரலை வைத்து போல்ட்டுகளை எண்ணினார். "ஐயா, இது அறுபதுங்க" என்றார்.

நான் விடவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். தட்டைத் தலை வைத்த இந்த எஞ்சின் இரண்டு அளவில் வந்ததாம். இரண்டுக்கும் எட்டு சிலிண்டர்தான். பெரியதில் பக்கத்துக்கு இருபத்து நான்கு போல்ட்டு, சின்னதில் பதினேழு. "காலியா ஓட்டுனா பெருசா வித்தியாசம் தெரியாது. ஆளை ஏத்திக்கிட்டு மேட்டுல போனா முக்கும். அது ரிப்பேர் இல்லைங்க, அதோட பலமே அவ்வளவுதான்" என்றார்.

வாழ்நாள் முழுக்கப் பட்டனை எண்ணியவனுக்கு அந்தப் பதினேழை எண்ணத் தோன்றவில்லை, பார்.

உன் அக்காவுக்கு மூச்சுத் திணறிய அந்த மத்தியானம் நீதான் ஓட்டினாய். அவள் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி மேட்டில் வண்டி ஊர்ந்தது. நான் கத்திக்கொண்டே இருந்தேன், நீ ஆக்சிலேட்டர் மிதியைத் தரையோடு அழுத்தியிருந்தாய். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று டாக்டர் சொன்னதும் அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் உன் சட்டையைப் பிடித்தேன். "போன வாரம் எஞ்சினைப் பிரிச்சு என்னடா பண்ணித் தொலைச்ச? உன் கைவேலைதான் அவளைக் கொன்னுடுச்சு" என்றேன். நீ பதில் பேசவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டாய் என்றே நினைத்தேன்.

பிரித்துப் பூட்டியவன் நீ. ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி மாட்டிய உனக்கு அது அறுபது என்று தெரியாமல் இருந்திருக்க முடியாது. விருந்தாளிகள் முன்னால் நான் அளந்தபோதெல்லாம் என் மானத்தைக் காப்பாற்றிச் சும்மா இருந்திருக்கிறாய். அன்றைக்கு ஏன்டா வாயைத் திறக்கவில்லை? "அறுபதை எண்பத்தைந்துன்னு ஏமாந்து வாங்கினது நீங்கதான் அத்தான்" என்று ஒரு வார்த்தை போதுமே. அந்தப் பழியோடு நான் தனியாக வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே என்றா அதை நீ உன் தலையில் வாங்கிக்கொண்டாய்?

எண்பத்தைந்தே ஆனாலும் அவள் பிழைத்திருப்பாளா, தெரியாது. உன் கையில் பிழையில்லை என்பது தெரியும். அன்று அங்கே நின்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்ச் சொல்லிவருகிறேன். உன் பெரியம்மா கேட்டுவிட்டு என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அதுவும் சரிதான். காரை, அறுபது என்று என் வாயாலேயே சொல்லி, அந்தக் கார் சேர்க்கிறவரிடமே கொடுத்துவிட்டேன்.

நீயும் உன் வீட்டாரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. திட்டியாவது நாலு வரி எழுது. எழுதப் பிடிக்காவிட்டால் உறையை மட்டும் அனுப்பு. உன் கையெழுத்தில் இந்த வீட்டு முகவரி இருந்தால் போதும்.

உன் அத்தான்