திண்டிவனம் தாண்டி எரிந்த சிவப்பு விளக்கு

செவ்வாய், இரவு.

டயாலிசிஸ் முடிந்து மனைவி மல்லிகாவைக் காரில் புதுச்சேரியிலிருந்து அழைத்து வரும்போது, திண்டிவனம் தாண்டியதும் இன்ஜின் ஆயில் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டினேன். போன வாரம்தான் ஒரு லிட்டர் ஊற்றினேன். அளவுக் கம்பியின் நுனியில்கூட ஆயில் இல்லை.

பின்சீட்டில் படுத்திருந்தவள், "இன்னாங்க ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, சூடாயிடுச்சு" என்று பொய் சொன்னேன். டிக்கியில் இருந்த ஆயிலை ஊற்றி, மெல்ல ஓட்டி செஞ்சிக்கு வந்து சேர்ந்தோம்.

மெக்கானிக் பாய் வண்டி கக்கிய புகையைப் பார்த்தார். "பிஸ்டன் ரிங் தேஞ்சி போயிட்டுது சார், அதான் ஆயிலைக் குடிக்குது. இன்ஜினைப் பிரிச்சா பத்து நாள் ஆவும். இப்படியே ஓட்டுனா எப்ப வேணா நின்னுடும்."

வியாழக்கிழமை மறுபடி போக வேண்டும். பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது.

சாப்பிடும்போது மல்லிகா மெதுவாகச் சொன்னாள்: "வழியில நின்னுட்டா, என்னை வண்டியில விட்டுட்டு எங்கியும் போயிடாதீங்க."

போகமாட்டேன் என்றேன். உதவிக்கு ஆள் தேடிப் போகாமல் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.