நம் கௌசி கொழும்புக்குப் போய்விட்டாள், நஸீமா

என் உயிருக்கு உயிரான நஸீமாவுக்கு,

அக்குறணையில் உன்னை அடக்கிய இடத்துக்குப் பெண்கள் போவது வழக்கமில்லையாம். அங்கே வந்து சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

கௌசி வீட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

கட்டுகஸ்தோட்டை சனசமூக நிலையத்தில் நீயும் நானும் பெண்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியபோது, தலை நிமிராமல் கடைசிக் கதிரையில் உட்கார்ந்திருந்தவள். பிறகு பிள்ளைகளே கைதூக்கி அவளைத் தலைவியாக்கினார்கள். அவர்கள் சமைத்துக் கடைகளுக்கு விற்ற பகல் சாப்பாட்டுப் பார்சலுக்கு ஒரு முதலாளி விலையைக் குறைக்கப் பார்த்தபோது, அவரோடு சிங்களத்தில் பேசி நின்றவளும் அவள்தான். "அந்த மனுசன் வாயே தொறக்கல லோகா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு சிரித்தாயே.

நீ போனபின் வகுப்புக்கு உதவி செய்தவர்களும் கையை விரித்துவிட்டார்கள். நிலையத்தை டியூஷன் நடத்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சமைக்க இடமில்லை, பார்சல் வேலையும் நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் கௌசியின் அப்பா கராம்பு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்.

அவளை வேலைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சண்டை பிடிக்கத்தான் அந்த மேட்டு வீட்டுக்கு ஏறினேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கௌசிதான் பேசினாள்.

"அப்பா அனுப்பல அக்கா. நான்தான் போறேன்னு சொன்னேன்."

"பரீட்சை எழுத வேணாமா?"

"தங்கச்சிங்க சாப்பிடணும்தானே. அந்த வீட்டுக்கார நோனாவோட நானே போன்ல பேசிட்டேன். மாசத்துக்கு ஒருக்கா வீட்டுக்கு வரலாம். அடையாள அட்டை என் கையிலதான் இருக்கும். போனும் அப்படித்தான். நீங்க சொல்லித் தந்த மாதிரியே எல்லாத்தையும் கேட்டுப் பேசினேன்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, நஸீமா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதற்காகவா சொல்லிக்கொடுத்தோம்? பேசக் கற்றுக்கொடுத்தோம். பேசித் தேர்ந்தெடுக்க அவள் முன்னால் என்ன வைத்தோம்? அவளுக்கு வயது பதினெட்டு முடிந்துவிட்டது. உன் முடிவை நீயே எடு என்று வாய் ஓயாமல் சொன்ன நான், அவள் எடுத்த முடிவை எந்த வாயால் வேண்டாம் என்பது?

முதலில் ஒழுங்காக அழைத்தாள். பெரிய வீடு, மாடிப்படி நிறைய என்றாள். பிறகு குரல் சின்னதாகிக்கொண்டே போனது. இப்போது அவள் போன் வேலை செய்வதில்லை. வீட்டுக்கு வர வேண்டிய ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. நோனாவின் நம்பருக்கு அழைத்தால், பிள்ளைக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுகிறாள். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில், வயது வந்த பிள்ளை, வேலைக்குத்தானே போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

போன சனிக்கிழமை வகுப்புக்கு என் வீட்டுக்கு வந்த பிள்ளைகளிடம், "இனி வராதீங்க, என்னால முடியல" என்று சொல்லிவிட்டேன். ஒருத்தியும் எழும்பவில்லை. உன் மகள் ஷிஃபாதான் கேட்டாள்.

"சாச்சி, அந்த வீட்டு விலாசம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப போவோம். நான் சிங்களத்துல பேசுறேன். கௌசி தனியா இருக்கா. நாங்க இத்தனை பேர் இருக்கோம்தானே."

"வாப்பா விடுவாரா?"

"வாப்பாட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். அவங்களே வேன் ஓட்டிக்கிட்டு வாராங்களாம்."

நாளைக் காலையில் புறப்படுகிறோம். கௌசியின் அம்மாவும் வருகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்டைத் திறக்காவிட்டால்? திறந்தால், அவள் எந்தக் கோலத்தில் நிற்பாளோ? நான் இருந்துகொள்கிறேன் அக்கா என்று அவளே சொன்னால், அது அவள் சொல்வதா, அவளைச் சொல்ல வைப்பதா? வருகிறேன் என்று சொன்னால், இங்கே அவளுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? நீ இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன். கௌசியை அம்மாவோடு தனியாகப் பேசவிடும்வரை அந்த வாசலை விட்டு நகரமாட்டேன். வர நினைத்தால் அவள் அன்றைக்கே எங்களோடு வருவாள். மற்றதை வந்தபிறகு பார்ப்போம்.

உன் மகளுக்குச் சாச்சியான,
உன் தங்கச்சி லோகா