சாயம் எப்படி, மாமா?

மாமா,

உங்கள் பேத்தி குட்டிக்கு இரண்டு நாளாகச் சளி. நெஞ்சில் சுற்ற மெல்லிய துணி தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது உங்கள் பழைய வேட்டி ஒன்று அகப்பட்டது. எத்தனையோ தடவை துவைத்தது. தேயிலைத் தூள் வாசனை இன்னும் போகவில்லை. பிள்ளை ஒழுங்காக மூச்சு விடுகிறதா என்று நொடிக்கொரு தரம் எட்டிப் பார்க்கிறவள் நான். அப்படிப்பட்டவள் அந்த வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். உங்கள் ரகசியத்தை எனக்குக் காட்டிக்கொடுத்ததே ஒரு வேட்டிதானே!

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது. உங்கள் மகனுக்கு நோட்டன் பிரிட்ஜ் பக்கம் வேலை, எப்போதாவதுதான் வருவார். அத்தை நான் வருமுன்பே காலமாகிவிட்டார். மிச்சம் நீங்களும் நானும். கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் தோட்டத்து ஸ்டோரில் நீங்கள் டீமேக்கர். கொழுந்து வாடிய பக்குவத்தை மூக்காலேயே சொல்வீர்கள். வரிசையாக ஊற்றிவைத்த தேயிலைச் சாயத்தை உறிஞ்சி, நாக்கில் புரட்டித் தரம் சொல்வீர்கள். மற்றவர்கள் ருசி பார்த்துத் துப்புவார்கள்; நீங்கள் விழுங்குவீர்கள். "துப்புறதுக்கா இம்புட்டுப் பாடுபடுறோம்?" என்பீர்கள்.

ஆள் மெலிந்துகொண்டே வந்தீர்கள். பாதிச் சோற்றில் எழுந்து பின்பக்கம் ஓடுவீர்கள். டிஸ்பென்சரி மருந்து கேட்கவில்லை. வலப்பனையில் கைராசிக்கார வெதமாத்தயா, அதாவது சிங்கள வைத்தியர், ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினோம். உங்கள் சிங்களம் சந்தையில் விலை பேசத்தான் போதும். கண்டியில் விடுதியில் தங்கிப் படித்தவள் என்பதால் நான்தான் மொழிபெயர்ப்பு.

அங்கே வந்தது வினை. அவர் கேட்டதெல்லாம் மலத்தைப் பற்றி. நிறம் என்ன, சளி போகிறதா, ரத்தம் உண்டா. மருமகள் மாமனாரிடம் கேட்கிற கேள்வியா இது! முந்தானையைத் திருகிக்கொண்டு, "வயிறு எப்படி இருக்குன்னு கேக்குறாரு மாமா" என்றேன்.

நீங்கள் கூரையைப் பார்த்தபடி, "வாயுன்னு சொல்லும்மா. வேறொண்ணுமில்ல" என்றீர்கள்.

அப்படியானால் வயிற்றைக் கழுவிவிடலாம் என்று அவர் பேதி மருந்து ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் விடியலில் மருந்துக்கு வெந்நீர் வைத்துவிட்டு வெளியே வந்தால், பனியில், பீலியில் கொட்டும் மலைத் தண்ணீருக்கடியில் குந்தி உங்கள் வேட்டியை நீங்களே அலசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு தம்ளர் கழுவி அறியாத மனிதர்! என்னைக் கண்டதும் சுருட்டி மறைத்தீர்கள். ஆனால் கல்லில் வழிந்த தண்ணீரின் சிவப்பை எங்கே மறைப்பது? குடலில் புண்ணாகி ரத்தமாகப் போகிறவருக்குப் பேதி மருந்தா! பொட்டலத்தை அடுப்பில் போட்டேன். "பொறப்படுங்க மாமா, திரும்பவும் வலப்பனைக்கு."

பஸ்ஸில் என்னை விட்டு நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தீர்கள்.

வெதமாத்தயா மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை நான் உங்களையே பார்த்தேன். இருமினீர்கள். சால்வையை இறுக்கினீர்கள். பிறகு ஸ்டோரில் பேசுகிற அந்தக் குரலில், "ஏம்மா, சாயம் செவப்பா எறங்குதுன்னு சொல்லு" என்றீர்கள்.

"தரம் என்ன மாமா?"

"டஸ்ட்டு. அதுவும் கழிவு டஸ்ட்டு."

"எத்தன வாட்டி?"

"காலையில வேலைக்கு ஆளெடுக்குற பெரட்டுக்குத் தப்படிக்கிறதுக்குள்ள மூணு வாட்டி வடிச்சாச்சு."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, உங்களாலும்தான். அதையெல்லாம் நேரான சிங்களத்தில் நான் சொல்லச் சொல்ல வெதமாத்தயாவின் முகம் மாறியது. "அந்த மருந்து?" என்று பதறினார். அடுப்பில் போட்டேன் என்றதும் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார்.

பிறகுதான் பத்தியம். மிளகாய், புளி, கறி, கருவாடு எல்லாம் தள்ளுபடி. பழைய சிவப்பரிசிக் கஞ்சி, வெண்ணெய் எடுத்த மோர், சுட்ட வில்வங்காய், மாதுளந்தோல் கசாயம். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம், கோபம் ஆகாது. கடைசியாக, தேத்தண்ணி ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது; ருசி பார்த்துத் துப்பலாம்.

"இதுக்கு அந்தப் பேதி மருந்தையே குடிச்சிருக்கலாம்" என்றீர்கள். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அன்று முதல் காலைதோறும் சமையலறையிலிருந்து, "சாயம் எப்படி, மாமா?" என்று நான் கத்துவேன். பின்கட்டிலிருந்து தரம் வரும். டஸ்ட்டில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறினீர்கள். ஒருநாள், "பி.ஓ.பி.! லண்டனுக்கே அனுப்பலாம்!" என்று முழங்கினீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஸ்டோரில் நல்ல விலை போயிருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் பின்கட்டில் சத்தமே இல்லை. சமையலறை வாசலில் வந்து நின்றீர்கள். "மறுபடியும் செவப்பும்மா. கெடாக்கறி தின்னுட்டேன்."

வாய்க்கு வந்தபடி பேசினேன். "கோவம் கூடாதுன்னு வெதமாத்தயா சொன்னாரே" என்று முனகினீர்கள்.

"அது ஒங்களுக்குத்தான். எனக்கில்ல."

சிரித்துவிட்டுக் கஞ்சிக்குத் திரும்பினீர்கள். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அதற்குப் பிறகும் அந்த நோய் போவதும் வருவதுமாகத்தான் இருந்தது. ஆனால் வந்த ஒவ்வொரு தடவையும் முதலில் தெரிந்தது எனக்குத்தான். குட்டியைத் தோளில் சுமக்கும் அளவுக்குத் தேறிய பிறகுதானே போனீர்கள்.

வயிற்றைப் பற்றிப் பேச வெட்கப்படாத வீடு ஒன்றை எனக்கு விட்டுப் போயிருக்கிறீர்கள், மாமா. போன வாரம் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயா மனைவியோடு வந்திருந்தார். தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருக்கிறேன், பின்கட்டிலிருந்து குட்டி ஓடிவந்து, "அம்மா! இன்னைக்குக் கெட்டியா வந்துச்சு!" என்று கூவினாள். கிளாக்கர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரத்தம் கித்தம் இருந்துச்சா?"

"இல்லம்மா!"

"அப்ப சரி. கையக் கழுவிட்டு வா."

குட்டி ஓடிவிட்டாள். பிறகு கிளாக்கர் ஐயா தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, வலப்பனையில ஒரு வெதமாத்தயா இருந்தாராமே... இப்பவும் இருக்காராம்மா?"

அவர் மனைவி முந்தானையை எடுத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"இருக்காருண்ணே," என்றேன். "மொதல்ல அந்தத் தேத்தண்ணியக் கீழ வைங்க."