பலகைக் காரில் அஞ்சலை

தம்பி,

இன்று காலை மளிகைக் கடை வாசலில் சீனர் ஒருவர் ஏணி போட்டு நின்று, கடைப் பெயர்ப் பலகைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், வாங்கப் போன புகையிலையை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். உன் சட்டை, உன் தலைமயிர், நீ தின்ற சோறு எல்லாம் அந்த வாடைதானே அடித்துக்கொண்டிருந்தது.

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீ உயிரோடு இருந்தபோதே உனக்கு வந்த கடிதத்தை நான்தான் வாசித்தேன். இதையும் நானே எழுதி நானே வாசித்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருந்த குளுவாங் ஊரில் தமிழில் கடிதம் எழுதத் தெரிந்தவர்களில் முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்பை நான் முடிக்கவில்லை என்பது உண்மைதான். பாதியிலேயே வாத்தியார், "இனிமே உனக்குச் சொல்லிக் குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லடா" என்று அனுப்பிவிட்டார். ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த படக்கடையில் முதலாளி சீனத் தவுக்கே. கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பது அவர் வேலை. ஆட்களின் பின்னால் தொங்கும் திரைச்சீலைகளை வரைவது உன் வேலை. வாசலில் நின்று தோட்டத்து ஜனங்களைக் கூவி அழைத்து, உட்கார வைத்து, படத்தோடு ஊருக்குப் போகிற கடிதத்தையும் எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் இல்லாவிட்டால் அந்தக் கடை ஒரு மாதம் தாங்காது என்று தவுக்கே சொல்வார். வாய்விட்டுச் சொன்னதில்லை, நினைத்திருப்பார். சொன்னதெல்லாம் "மூலுட் பெசார்", அதாவது பெரிய வாய்க்காரன் என்பதுதான்.

நீ தோட்டத்தில் ரப்பர் மரங்களுக்கு நம்பர் எழுதப் போனவன். எட்டுக்கு வாலும் தோகையும் வைத்து மயிலாக்கியதற்காகக் கங்காணி உன்னைத் துரத்தியடித்தார். அந்த மயிலைப் பார்த்துத்தான் தவுக்கே உன்னைக் கூட்டிவந்தார். அப்புறம் நீ உலகத்தையே சாம்பல் நிறத்தில் வரைந்தாய். படத்தில் வேறு நிறம் விழாது என்பதால் கரி, சுண்ணாம்பு, எண்ணெய் இவ்வளவுதான் உன் வர்ணங்கள். பிஸ்கட் டின் மூடிகளும் காலண்டர் தாள்களும்தான் உன் பள்ளிக்கூடம். பாரீசின் இரும்புக் கோபுரம், வேறு ஏதோ ஊரின் கல் கோபுரம், தெருவுக்குப் பதில் தண்ணீர் ஓடுகிற ஊர், மணலில் படுத்திருக்கும் மனுஷத்தலைச் சிங்கம் எல்லாவற்றையும் ஒரே சீலையில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினாய்.

"அண்ணே, இந்தக் கல் கோபுரம் சாஞ்சு இருக்கே. டின்னு நசுங்கிப் போச்சா?"

"கட்டினவனே அப்படித்தான்டா கட்டுனான். நான் கிட்ட நின்னு பாத்திருக்கேன்."

"நீங்க எப்பண்ணே போனீங்க? நீங்க ஜோகூர் பாருவையே தாண்டுனதில்லையே."

"கப்பல்ல வரும்போது தூரத்துல தெரிஞ்சுச்சு."

நீ சிரிக்காமல் தலையாட்டினாய். எனக்கு அது பிடிக்கும். ஆனால் அந்தச் சாய்ந்த கோபுரத்தின் கீழ் நிற்க ஒரு ஆள் சம்மதிக்கவில்லை. "ஊர்ல பாத்தா, என் தலை மேல கட்டடம் விழப்போகுதுன்னு எங்கம்மா அழுவா" என்றான் ஒரு ரப்பர்ப் பால் வெட்டுக்காரன். நீ தூரிகையை எடுத்தாய். கோபுரத்துக்கு ஒரு தென்னை மரத்தால் முட்டுக் கொடுத்து வரைந்துவிட்டாய். அதன்பிறகு எல்லோரும் தைரியமாக நின்றார்கள். உலகத்திலேயே முட்டுக் கொடுத்த அந்தக் கோபுரம் குளுவாங்கில் மட்டும்தான் இருந்தது. நான் அதை ஆயிரம் பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

பிறகு வந்தது பலகைக் கார். முன்பக்கம் மட்டும்தான் கார், பின்னால் சாராயப் பெட்டி. சக்கரங்கள் சுற்றுகிற மாதிரி கம்பிகளைக் கலங்கலாக வரைந்திருந்தாய். ஆள் பெட்டியில் உட்கார்ந்து கதவின் மேல் கையை வைத்தால் போதும், ரப்பர்க் காட்டில் செருப்பில்லாமல் நடக்கிறவன் ஊரில் சீமான் ஆகிவிடுவான். தவுக்கே "ஜாங்கான் கெராக்! அசையாதே!" என்று கத்துவார். ஓடாத காருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு பலகையையும் நீ செய்தாய். அதைச் சாக்குத் துணியில் சுற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாய். கோபுரத்தை ஒரு நாளில் முடித்தவன் அந்தப் பலகைக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டாய். ஒருநாள் அதைப் பிரித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. வெட்டிய பலகையில் இடுப்பு வரை ஒரு பெண். காரில் பக்கத்தில் பொருத்தினால் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

"யாருடா இந்தம்மா? துரைசானி மாதிரி தொப்பியெல்லாம் போட்டு உடுத்தியிருக்கு?"

"அஞ்சலைண்ணே."

கல்யாணம் முடிந்து மூன்று மாதத்தில் நீ விட்டுவிட்டு வந்த உன் மனைவி. எட்டு வருஷம் பார்க்காத முகம். உன்னிடம் அவள் படம் ஒன்றுகூட இல்லை. ஊரில் அவளை யாரும் படம் எடுத்ததும் இல்லை. வேறு யாரையும் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நீ உட்கார விடவில்லை. நீ மட்டும் அவளோடு காரில் உட்கார்ந்தாய், தவுக்கே ஒரே ஒரு படம் எடுத்தார். படத்தில் அது பலகை என்று சத்தியமாக யாராலும் சொல்ல முடியாது. அப்படி வரைந்திருந்தாய்.

அன்று மத்தியானம் நீ சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதினேன்.

"எழுதுங்கண்ணே. இந்தக் காரு பலகை. பக்கத்துல உக்காந்திருக்கிறது நீதான். ஞாபகத்துல இருந்து வரைஞ்சேன். சரியா வந்திருக்கான்னு பாத்துச் சொல்லு. அடுத்த கப்பல்ல கிளம்பி வந்துடு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"பலகைன்னு எழுதுனா ஊர்ல சிரிப்பாங்கடா. கௌரவமா இருக்கணும்லா."

"சிரிச்சா சிரிக்கட்டும். உள்ளதை எழுதுங்க."

நான் உள்ளதை எழுதவில்லை, தம்பி. என் பேனா அப்படி. யாருக்கு எழுதினாலும் நாலு வரி கூட்டி எழுதித்தான் எனக்குப் பேர். பலகை என்று எழுதினால் கார் போய்விடும். நீதான் என்று எழுதினால் பலகை வெளியே வந்துவிடும். ஆகவே, "படத்தில் காண்பது எங்கள் சொந்தக் கார். தினமும் சாயங்காலம் இதில் நாங்கள் காற்று வாங்கப் போகிறோம். இங்கே எந்தக் குறையும் இல்லை. நீயும் கிளம்பி வரவும்" என்று எழுதி, உனக்கு நீ சொன்னபடியே வாசித்துக் காட்டினேன். நீ கையெழுத்துக்குப் பதிலாகக் கீழே ஒரு சின்ன மயில் போட்டாய். என் பொய்க்கு உன் மயில் சாட்சி.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. வெயில் உச்சியில் இருந்ததால் படம் எடுக்காத நேரம். நீ கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். தாளில் மூன்றே வரி. "படம் கிடைத்தது. காரும் அந்த அம்மாளுமாக நீங்கள் சுகமாக இருங்கள். நான் வரவில்லை. இனி எழுத வேண்டாம்."

முதல் தடவை படித்தபோது எனக்கே விளங்கவில்லை. எந்த அம்மாள்? பிறகு விளங்கியது. அதற்குள் உன் முகம் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, வர்றாளாமா?"

"வராம? அடுத்த கப்பலுக்கே கிளம்புதாம். தை மாசம்."

"பக்கத்துல இருக்கிறது அவதான்னு பாத்தாளாமா? சரியா இருக்காமா?"

"வெக்கமா இருக்குன்னு எழுதியிருக்கு. நானா இதுன்னு கேட்டிருக்கு."

நீ தரையைப் பார்த்துச் சிரித்தாய். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாய். நான் வாசித்தேன்.

"மொத தடவை தைன்னீங்க. இப்ப மாசிங்கிறீங்க."

"தாளு மடிஞ்சிருக்குடா, எழுத்து தெரியலை."

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். என்னை நம்பித் தலையாட்டுகிற ஒரே ஆள் நீ. திரும்ப அவளுக்கு எழுதினேன், எழுதாமல் இல்லை. "உடனே கிளம்பி வரவும், விவரம் நேரில்" என்று எழுதினேன். விவரத்தைத்தான் எழுதவில்லை. பதில் வரவில்லை.

தை போயிற்று, மாசியும் போயிற்று. சிங்கப்பூருக்குக் கப்பல் வந்த வாரமெல்லாம் நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் நின்றாய். வண்டி போன பிறகு திரும்பி வந்து தூரிகையை எடுப்பாய். தவுக்கேகூட உன்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். "கப்பல் லேட்டு. தீவுல புடிச்சு வெச்சிருப்பாங்க, காய்ச்சல் இருக்கான்னு பாக்க" என்று ஒவ்வொரு தடவையும் நான் ஒரு காரணம் சொன்னேன். ஒவ்வொன்றும் கேட்க நன்றாக இருந்தது.

காய்ச்சல் உனக்குத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். பிற்பகலில் நீ கண்ணைத் திறந்து, "வண்டி வந்துடுச்சா?" என்று கேட்டாய். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"தந்தி வந்திருக்குடா. அஞ்சலை வண்டி ஏறிடுச்சு. ஜோகூர் பாரு தாண்டியாச்சு."

நீ என் விரலைப் பிடித்துக்கொண்டாய். கொஞ்சம் கழித்து, "இப்போ?" என்றாய்.

"கூலாய் ஸ்டேஷன்."

"இப்போ?"

"லாயாங் லாயாங். சன்னல் பக்கம் உக்காந்திருக்கு."

ரெங்கம் என்று நான் சொன்னபோது நீ கேட்கவில்லை. ரெங்கத்துக்கு அடுத்தது குளுவாங்தான். நான் அதையும் சொன்னேன், யாருக்கு என்று தெரியாமல்.

சுடுகாட்டில் உனக்கு விறகு அடுக்கியபோது, சாக்கில் சுற்றியிருந்த அந்தப் பலகையை எடுத்து வந்து உன் பக்கத்தில் வைத்தேன். கூடியிருந்தவர்கள் கண் கலங்கினார்கள். இப்படி ஒரு சிநேகிதன் எவனுக்குக் கிடைப்பான் என்று ஒருவர் சொன்னதை நான் வருஷக்கணக்காக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எண்ணெய் வர்ணம், நன்றாகப் பிடித்து எரிந்தது.

நீ இறந்த செய்தியை மட்டும் அவளுக்கு எழுதினேன். அதற்கும் பதில் இல்லை.

போன வருஷம் எனக்கும் அதே காய்ச்சல் வந்தது. படுத்துக் கிடந்தபோது, என் கட்டிலுக்குப் பக்கத்தில் எவன் உட்கார்ந்து என்ன சொல்வான் என்று பயம் வந்தது. எழுந்து உட்கார முடிந்த அன்றே அஞ்சலைக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நீ சொன்னது, நான் எழுதியது, அவள் எழுதியது, நான் வாசித்தது. மடிக்கும்போது தாள் நனைந்திருந்தது. மழை ஒழுகியது என்று வைத்துக்கொள்.

போன மாதம் பதில் வந்தது. ஊர் வாத்தியார் எழுத்து. அவள் என்னைத் திட்டவே இல்லை, தம்பி. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அது நான்தானா? அந்தப் படத்தை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன். ஆத்திரத்தில் அந்தப் பொம்பளை முகத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. வேறு படம் இருந்தால் அனுப்புங்கள். அவர் என்னை எப்படி நினைத்திருந்தார் என்று பார்க்க வேண்டும்."

தவுக்கேயைத் தேடிப் போனேன். ரப்பர் விலை விழுந்த வருஷமே அவர் கடையை மூடிவிட்டார், இப்போது காப்பிக்கடை. படம் பிடித்த கண்ணாடித் தகடுகளைப் பற்றிக் கேட்டேன். தகடுகளையெல்லாம் சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஒரு தோட்டத்துத் துரையின் பூச்செடிக் கூண்டுக்கு விற்றுவிட்டாராம். அங்கேயும் போனேன். கூரை முழுவதும் நம் கடையின் கண்ணாடிகள். ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தேன், தோட்டக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். வெயில்தான் தெரிந்தது.

ஆக, நீ மனசில் வைத்திருந்த அஞ்சலையைப் பார்த்தவர்களில் அதை அவளுக்குத் தமிழில் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். எனக்கு ஒரு கோடுகூட வரையத் தெரியாது. பாரீசையும் மணல் சிங்கத்தையும் பார்க்காமலே மணிக்கணக்காக விவரித்தவன், கண்ணால் பார்த்த ஒரு முகத்தை எழுத ஒரு மாதமாகத் தாளை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இன்று வந்து உட்கார்ந்ததில் நாலு வரி நின்றிருக்கிறது. இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் மேலே. முகவாயில் சின்னத் தழும்பு. தொப்பிக்குக் கீழே, காதோரம் அடங்காத மயிர். ஏதோ கேட்கப் போகிற மாதிரி உதடு லேசாகப் பிரிந்திருந்தது.

கண்ணைப் பற்றி எழுத வேண்டும். என் பேனாவுக்கு நல்ல வார்த்தைகள் வந்து வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிவிட்டு, "கண் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை, அம்மா" என்று எழுதியிருக்கிறேன். ஞாபகம் இல்லை என்ற வார்த்தையை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்து கோணலாக வந்திருக்கிறது. அப்படியே அனுப்புகிறேன்.