சைக்கிளோடு கேட்ட கொசுறு

மார்ச் 4, திங்கள்

காலையிலேயே வெயில். பள்ளிகொண்டா ரோட்டில் நடை. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்ப்பவரின் பெண்சாதிக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்திருந்தது. நான் போய்ச் சேருமுன் பிள்ளை வெளியே. பக்கத்து வீட்டுக்காரி தொப்புள்கொடியை அரிவாளால் அறுக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். பெண் குழந்தை. தாய் சுகம். இந்தத் தடவை சுகம்.

டாக்டரம்மா மறுபடியும் சொன்னார்: "ஒரு சைக்கிள் வாங்கிக்கோ. நர்ஸ் ட்ரெயினிங்ல ஓட்டினவதானே நீ." ஓட்டினேன், வேலூரில், ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி. ரோடு வேறு. ஆனாலும் சேர்த்து வைத்த பணம் இருக்கிறது. வாங்கிவிடலாம்.

கால் வீக்கம். வெந்நீரும் உப்பும். தம்பி சாமுவேலிடம் சொன்னேன். தோல் மண்டியில் கிளார்க். அவனும் பெண்சாதி கிரேஸும் என்னோடுதான் இருக்கிறார்கள். "நீ தனியாப் போனா ஏமாத்திடுவான்க்கா. நான் வர்றேன், பேரம் பேசறேன்" என்றான். எனக்குப் பேரம் பேசத் தெம்பில்லை. சரி என்றேன்.

மார்ச் 6, புதன்

வண்டியோடு கேட்க வேண்டியவை:
செயின் கவர் (புடவை சிக்கும்)
பின் சக்கரத்துக்கு வலை (அதுவும் புடவைக்காக)
லாம்பு. இல்லாமல் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். பிள்ளைகளும் பாதிப் பேர் இருட்டில்தான் பிறக்கிறார்கள்.
வீட்டுக்கு வாங்க: சீயக்காய். கிரேஸுக்கு நூல்கண்டு.

மார்ச் 9, சனி

காற்றே இல்லை. தோல் வாடை ஊர் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

சாயங்காலம் பாயின் சைக்கிள் கடை. "வெலையில ஒரு அணா கூட கம்மி பண்ண முடியாது. மேல சாமான் இன்னா வேணும், கேளுங்க" என்றார் பாய், சாமுவேல் முகத்தைப் பார்த்து. வாங்குகிறவள் நான். பை என் கையில். ஆனாலும் பேச்சு அவர்கள் இருவருக்குள்தான்.

சாமுவேல் கோபித்துக்கொண்டு படி இறங்கினான், திரும்பி ஏறினான், மறுபடி இறங்கினான். கடைசியில் கிடைத்தது: பெல், பம்பு, கேரியர், வெல்வெட் சீட் உறை, ஹேண்டிலில் தொங்கக் குஞ்சம்.

"லாம்பு?" என்றேன். "அது அப்புறம் பாத்துக்கலாம்க்கா." செயின் கவர்? "அதெல்லாம் வண்டிக்கு பாரம்." சீட்டை அவன் கால் உயரத்துக்கு ஏற்றச் சொன்னான். எனக்குக் கட்டைவிரல்கூட எட்டாது. வண்டியும் குறுக்கே பார் வைத்த ஆம்பிளை வண்டி. லேடீஸ் வண்டி மெட்ராஸிலிருந்து வரணும், ரெண்டு மாசம் ஆகும் என்றார் பாய்.

பணத்தோடு பிறகு வருவதாகச் சொல்லி வந்தோம். வழியெல்லாம் அவன் முகத்தில் மாப்பிள்ளைக் களை. எனக்கு வாயைத் திறக்க அலுப்பு. நான் அலுத்துப் போனால் அது சம்மதம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் 11, திங்கள்

டியூட்டி முடிந்து தனியாகவே கடைக்குப் போனேன். லாம்பு வேண்டும், கவர் வேண்டும் என்றேன். "தம்பியோட பேசி முடிச்சாச்சே நர்ஸம்மா. அதையே மாத்தினா எனக்கு பேஜார்." நல்ல மனிதர்தான். எழுந்து நாற்காலி போட்டார், சோடா வரவழைத்தார், லாம்பு மட்டும் தரமாட்டார்.

கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் திரை. திரைக்கு உள்ளேயிருந்து பாயின் பீவி குரல். அவருக்குப் பிரசவம் பார்த்து மகனை எடுத்தது நான்தான்.

"பார் வெச்ச வண்டியில புடவை கட்னவங்க எப்டி ஏறுவாங்க?"

"நீ சும்மா இரு" என்றார் பாய்.

"குடோன்ல ஒரு லேடீஸ் வண்டி தூசி புடிச்சு கெடக்குதே. அத எவன் வாங்கப் போறான்? நீங்க தானே டெய்லி பொலம்பறீங்க."

பாய் என்னைப் பார்க்கவில்லை. நானும் சோடா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்கியதில் விலா வலித்தது. எத்தனை நாளாயிற்று சிரித்து.

பிறகு எல்லாம் சுலபம். கேரியரும் குஞ்சமும் வேண்டாம் என்றேன். லாம்பு, கவர், வலை, பெல், பம்பு. சீட் என் உயரத்துக்கு. வெல்வெட் உறையை அவராகவே மாட்டிவிட்டார், இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 16, சனி

வண்டி வந்தது. கறுப்பு. சாமுவேல் சுற்றிச் சுற்றி வந்து, "கேரியர் எங்கக்கா?" என்றான். கிரேஸ் சந்தனம் வைத்தாள். நாம் வேதக்காரங்க, அதெல்லாம் இல்லை என்றேன். அழிக்க மனம் வரவில்லை.

தெருக்கோடியில் ஒருமுறை விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு. "காலம் இன்னா ஆவுது பாரு" என்று யாரோ. திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 18, திங்கள்

மசூதித் தெருவில் பிரசவம். போய்க் கை கழுவி, தண்ணீர் கொதித்து, எல்லாம் தயார். அதற்குப் பிறகுதான் பிள்ளை வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்காக நான் காத்திருந்தது எப்போது? அந்த வீட்டுப் பிரம்பு மோடாவிலேயே கொஞ்சம் தூங்கிவிட்டேன்.

மார்ச் 20, புதன்

காலையில் ஆள் ஓடி வந்தான். பள்ளிகொண்டா ரோடு, முதல் பிரசவம், இடுப்புவலி நேற்றிலிருந்து. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் வண்டி இல்லை. கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டு, "அவர்தான் மண்டிக்கு எடுத்துக்கினு போனார்" என்றாள். சந்தை நாள், ஜட்காவும் கிடைக்கவில்லை. நடந்தேன். கொஞ்ச தூரம் ஓடினேன்.

ஆண் குழந்தை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. தங்கவில்லை. அந்தப் பெண் பிழைத்தாள். சின்னப் பெண், என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல் பார்த்தாள்.

முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருக்குமா? தெரியாது. டாக்டரம்மாவும் தெரியாது என்றுதான் சொன்னார்.

சாயங்காலம் சாமுவேல் பெல் அடித்துக்கொண்டு வந்து இறங்கினான். "ஒரே ஒரு நாள்தானேக்கா. லேடீஸ் வண்டின்னு எல்லாரும் சிரிச்சானுங்க. அதையும் பொறுத்துக்கினு ஓட்டினேன்." விஷயத்தைச் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். கண் கலங்கினான். நல்லவன். நான் வளர்த்தவன். கொஞ்ச நாள் போனால் மறுபடி எடுப்பான், அதுவும் எனக்குத் தெரியும். கோபப்படக்கூட முடியவில்லை. அவ்வளவு களைப்பு.

மார்ச் 21, வியாழன்

கடை. "இன்னும் இன்னா கொசுறு பாக்கி, நர்ஸம்மா?" என்று சிரித்தார் பாய். சங்கிலியும் பூட்டும் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இனாமாகவே எடுத்துப் போகச் சொன்னார். வேண்டாம் என்று காசு கொடுத்தேன்.

"ரெண்டு சாவிம்மா. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு வூட்ல இருக்கட்டும்."

ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டேன். மற்றதைத் திரைக்குள் பீவியிடம் நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. எதற்கு என்று கேட்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

புழுக்கம். சாமுவேல் மண்டிக்குக் கிளம்பி வெளியே வந்தான். ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருந்ததைப் பார்த்தான். கையால் தொட்டுப் பார்த்தான். என்னைப் பார்க்காமல் நடந்து போனான், டிபனைக் கையில் தூக்கிக்கொண்டு. சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடம் போன அதே நடை. பாவமாகத்தான் இருந்தது. கூப்பிடவில்லை.