கழுவின கால்

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று பூசையில் ஃபாதர் சொல்கிறார்: "பாத்திரம் தேய்க்கிறதுலயும் புனிதம் இருக்கு. அன்போட தேய்ச்சா அதுவே செபம்." அவர் தட்டை அவரா தேய்க்கிறார்? சமையலுக்கு ஓர் ஆள், துணிக்கு ஓர் ஆள். மாமனார் மூத்திரச் சட்டியைக் கொட்டிட்டு ஓடி வர்றேன், எனக்குப் புனிதம் சொல்லித் தர்றாராம்!

வீட்டுக்கு வந்தால் மாமா: "காப்பியா இது? கழனித்தண்ணி." வாதத்தில் ஒரு கை போயிற்றே, அந்த வாய் போகக் கூடாதா? என்னைக் கட்டின இவர் மகனே செத்து இரண்டு வருஷம். மகள் பிலோமினா அரியாங்குப்பத்தில் சொந்த வீட்டில் சௌகரியமாக இருக்கிறாள். நான் மட்டும் இந்தச் சாரம் வீட்டில் யாருக்காக மாரடிக்கிறேன்?

ஏப்ரல் 9

முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஈஸ்டருக்கு மறுநாள் கொண்டுவந்து விடச் சொன்னார்கள். மாமாவிடம் சொன்னேன். "விட்டுது சனியன்" என்றார். என்னையா, இந்த வீட்டையா? கேட்கவில்லை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பிலோமினா வந்தாள். பெரிய வியாழனன்று, ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல, ஃபாதர் கால் கழுவும் பன்னிரண்டு பேரில் அப்பா பெயரையும் கொடுத்துவிட்டாளாம். "காலை மட்டும் நல்லா தேய்ச்சு அனுப்புங்க அண்ணி. ஃபாதர் முத்தி பண்ணுவாரு, வாய் வைக்கிற எடம், நாறக் கூடாது."

நீயே வந்து தேயேன்டி என்று வாய் வரைக்கும் வந்தது. அவளுக்குக் கோயில் பாட்டு ஒத்திகையாம்.

ஏப்ரல் 15

ஈஸ்டர் வரட்டும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிரு.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சேதராப்பட்டு கம்பெனியில் அரை நாள் லீவு கேட்டதற்கு சூப்பர்வைசரின் முகம் போன போக்கு! வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் எடுத்து உட்கார்ந்தேன். ஃபாதர் கழுவப் போகிற காலை முதலில் நான் கழுவ வேண்டும். அவர் கழுவினால் தாழ்ச்சி, நான் கழுவினால் வேலைக்காரி.

ஆத்திரத்தில் பீர்க்கங்காய் நாரால் பரபரவென்று தேய்த்தேன். மனுஷன் கத்தவில்லை. கத்தாமல் இருப்பவரா? இடது கால் விரலிடுக்கைப் பிரித்தேன். புண். சீழ் வைத்திருக்கிறது. சர்க்கரைக் கால், வலியே தெரியவில்லை.

"சீழ் வடிஞ்சத பாத்திருப்பீங்களே, ஏன் சொல்லல?"

"இன்னாத்துக்கு? அதான் அனுப்பப் போறியே."

கட்டை இறுக்கிப் போட்டேன், அவிழ்த்து மறுபடி போட்டேன். கோபம்தான். கோபம்தானே?

கோயிலில் ஃபாதர் மண்டியிட்டு, கட்டுப் போடாத வலது காலைப் பிடிக்கப் போனார். மாமா காலை இழுத்துக்கொண்டார்.

"கழுவியாச்சு சாமி. மருமவ வூட்லயே கழுவிட்டா."

பக்கத்தில் மைக். கோயிலே சிரித்தது.

"பரவால்ல பெரியவரே, நானும் ஒரு தடவ..."

"அதான் ஆச்சுன்றனே. அடுத்த ஆளப் பாருங்க."

பாட்டுக் கூட்டத்திலிருந்து பிலோமினா என்னை முறைத்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஏப்ரல் 18

பிலோமினா போனில்: "மானத்த வாங்கிட்டீங்களே அண்ணி! நீங்கதான் சொல்லிக் குடுத்திருப்பீங்க." வைடி போனை என்றேன்.

ஏப்ரல் 19

பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்து அழைத்துப் போனேன். தினமும் கழுவி மருந்து வைக்கச் சொன்னார் டாக்டர். வழியெல்லாம் ஆட்டோக்காரனோடு சண்டை, மாமாவும் நானும் சேர்ந்து.

ஏப்ரல் 21, திங்கள்

கஞ்சியில் உப்பில்லை என்று கத்தினார். நானும் கத்தினேன்.

பத்து மணிக்கு இல்லத்திலிருந்து போன். ஏன் இன்னும் அழைத்து வரவில்லை?

"கால்ல புண்ணு. சரியாவட்டும்."

"எத்தனை நாள் ஆவும்மா?"

"சர்க்கரைக் காலு. யாருக்குத் தெரியும்?"

உள்ளேயிருந்து சத்தம்: "ஏ சுமலதா, தண்ணி ஜில்லுனு ஆவுது!"

"வர்றேன், உசுர வாங்காதீங்க" என்று போனை வைத்தேன். பேசினுக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.